ராத்திரி பாட்டு போட்டால் நிஜமாகவே தூக்கம் வருமா? டிப்ரஷனுக்கு மருந்து எடுப்பவர்கள் சொல்லுங்கள்

தூங்காநகரத்தான்:

சொந்த ஊர் மதுரை என்பதால் விளையாட்டாக வைத்த பெயர், இப்போது பலித்துவிட்டது. மும்பை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. சயான் கோலிவாடா பக்கம் ஒன் ரூம் கிச்சன், நான், மனைவி, நாலு வயது மகள். ஐந்து மாதத்துக்கு முன்னால் டாக்டர் டிப்ரஷன் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். காரணமில்லாமல் அழுகை வருவது, குளிக்கக்கூட மனசு வராமல் கிடப்பது எல்லாம் குறைந்திருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். தூக்கம் மட்டும் திரும்பவில்லை.

பதினொரு மணிக்குப் படுத்தால் ஒரு மணி, ஒன்றரை ஆகிறது கண் அசர. நாலு மணிக்கு டக்கென்று முழிப்பு. ஹார்பர் லைனில் முதல் லோக்கல் ரயில் போகிற சத்தம் கேட்கும், அதற்கப்புறம் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று சீறுமே, அந்தச் சத்தம் கேட்கும், மனைவி எழுந்து டிரம் நிரப்புவாள். அதுவரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, பத்து வருடத்துக்கு முன்னால் யாரிடமோ சொன்ன ஒரு வார்த்தையை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு கிடப்பேன்.

இரண்டு மாதமாக இயர்போனில் பாட்டு போட்டுக்கொண்டு படுக்கிறேன். எண்பதுகளின் ராத்திரிப் பாட்டுதான், யார் பாட்டு என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் வாரம் நன்றாக இருந்தது. இப்போது என்னடா என்றால், பாட்டு நின்ற பிறகும் மண்டைக்குள் ஓடுகிறது. நாலு மணிக்கு முழிக்கும்போதே ஏதாவது ஒரு சரணம் பாதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்த முடியவில்லை. ஆபீஸில் ஒருவர் "வார்த்தை இருப்பதால்தான் பிரச்சினை, அதே பாட்டைப் புல்லாங்குழலில் கேள்" என்கிறார். சித்தி ஊரிலிருந்து போன் பண்ணி நீலாம்பரி ராகம் கேட்கச் சொல்கிறார். மனைவிக்கு காதில் ஒயரோடு தூங்குவது பயம்.

பாட்டு கேட்டுத் தூங்குவது உண்மையிலேயே வேலை செய்கிறதா, அல்லது நான் என்னையே ஏமாற்றிக்கொள்கிறேனா? டிப்ரஷன் இருப்பவர்கள் அனுபவத்தைச் சொன்னால் நல்லது. "பாசிட்டிவாக யோசி ப்ரோ" வேண்டாம், ப்ளீஸ்.

ஆராய்ச்சி பாதியில்:

பாதியில் விட்ட ஆராய்ச்சி மாணவன் நான், அந்த வருடத்தில் நானும் மாத்திரை சாப்பிட்டவன், அதனால் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன்.

டென்மார்க்கில் உங்களைப் போன்றவர்களை வைத்தே ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். மனச்சோர்வுக்கு வெளிநோயாளியாக சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த, தூக்கம் வராத 112 பேர். ஒரு பகுதியினருக்கு இதற்கென்றே தொகுத்த இசையைக் கொடுத்து, படுக்கும் நேரத்தில் குறைந்தது 30 நிமிடம், நாலு வாரம் கேட்கச் சொன்னார்கள். மற்றவர்கள் அந்த நாலு வாரமும் இசை இல்லாமல் வழக்கமான சிகிச்சையோடு காத்திருந்தார்கள். 2022இல் முடிவு வந்தது. கேட்டவர்கள் தங்கள் தூக்கத்துக்குத் தாங்களே போட்ட மதிப்பெண் நன்றாகவே முன்னேறியது, பொதுவான வாழ்க்கைத் தரமும் கொஞ்சம் தேறியது. ஆனால் இசையை நிறுத்தி இன்னொரு நாலு வாரம் கழித்துப் பார்த்தால் தூக்கத்தில் கிடைத்த லாபம் கிட்டத்தட்ட காணாமல் போயிருந்தது. அதாவது கேட்கிற வரைக்கும்தான், கண்ணாடி போட்டால் தெரிகிறது, கழற்றினால் தெரியாது என்கிற மாதிரி. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? கண்ணாடியை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லையே.

டிப்ரஷன் என்று பிரிக்காமல் பொதுவாகத் தூக்கமின்மைக்கு இசை என்று பார்த்தால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் தொகுப்பு 2022இல் 13 ஆய்வுகளை, 1007 பேரைச் சேர்த்துப் பார்த்தது. அதில் பயன்படும் பிட்ஸ்பர்க் கேள்வித்தாளில் 0 முதல் 21 வரை மதிப்பெண், 5க்கு மேல் போனால் தூக்கம் மோசம் என்று கணக்கு. இசை கேட்டவர்களுக்கு சராசரியாகக் கிட்டத்தட்ட 3 புள்ளி குறைந்தது. நீங்கள் 14இல் இருந்தால் 11 ஆகலாம். அது இன்னும் மோசமான தூக்கம்தான், ஆனால் 14இல் இருந்தவனுக்குத் தெரியும் 11 என்றால் என்ன என்று.

அப்புறம் அந்தப் புல்லாங்குழல் விஷயம். உங்கள் ஆபீஸ்காரர் சொன்னதற்கு நேர் எதிராகத்தான் அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள் (2021). நன்கு தெரிந்த பாட்டுகளை ஒரு குழுவுக்கு அப்படியே போட்டார்கள், இன்னொரு குழுவுக்கு வார்த்தையை எடுத்துவிட்டு வெறும் வாத்தியமாகப் போட்டார்கள். வாத்தியமாகக் கேட்டவர்களுக்குத்தான் பாட்டு மண்டையில் அதிகம் ஒட்டிக்கொண்டது. அப்படி ஒட்டிக்கொண்டவர்கள் தூங்க நேரம் எடுத்தார்கள், நடு இரவில் அதிகம் முழித்தார்கள். என் ஊகம், தெரிந்த பாட்டில் வார்த்தை இல்லையென்றால் மூளை அந்த வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறது. பின்னணி இசை மட்டும் ஓடும்போது நாம் வாய்க்குள் பாடுவதில்லையா, அதேதான். அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஆரோக்கியமான ஆட்கள், டிப்ரஷன்காரர்கள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நாலு மணி சரணம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

கடைசி லோக்கல்:

நான் சொல்வது யாருக்கும் பிடிக்காது. பாட்டையே நிறுத்துங்கள்.

என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது, 60 பாட்டு, எல்லாம் பிரிவு, சாவு, மழை. டிப்ரஷனில் இருப்பவன் தன் மூடுக்கு ஏற்ற பாட்டைத்தான் தேடுவான். அது ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு தினமும் புண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு கல்லூரிப் பஸ், ஒரு பாட்டு அப்பாவின் ஸ்கூட்டர், ஒரு பாட்டு செத்துப்போன நண்பன். இதைக் கேட்டுக்கொண்டு எவனுக்கு சார் தூக்கம் வரும்? இப்போது கிரிக்கெட் டெஸ்ட் மேட்ச் பற்றி ஒரு ஆள் ஒரே குரலில் பேசுகிற பாட்காஸ்ட் கேட்கிறேன். எனக்கு கிரிக்கெட் தெரியாது. அதனால்தான் கேட்கிறேன்.

பேஸ் பூஸ்ட்:

கடைசி லோக்கல் சொன்னதில் பாதி சரி, தப்பு பாட்டில்தான், பாட்டு கேட்பதில் இல்லை. நான் அந்தேரியில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் சவுண்ட் பார்க்கிறவன், மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கும் இந்தக் கூத்து நடந்தது.

சினிமாப் பாட்டு உங்களைத் தூங்கவைக்கப் போட்டது இல்லை, நிமிர்ந்து கேட்கவைக்கப் போட்டது. பல்லவி முடிந்ததும் இடையிசையில் வயலின் பட்டாளமே ஏறி வரும், திடீரென்று நிற்கும், தபேலா ஒரு உருட்டு உருட்டிவிட்டு சரணத்தை எடுத்துக் கொடுக்கும். எல்லாம் நம் கவனத்தைப் பிடித்து இழுக்கிற வேலை. தூக்கத்துக்கு வேண்டியது இதற்குத் தலைகீழ். ஏற்ற இறக்கம் இருக்கக்கூடாது, நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டுக்குள் இருந்தால் நல்லது, அடுத்து என்ன வரப்போகிறது என்ற ஆசையே வரக்கூடாது. தெரியாத இசையாக இருக்கட்டும், ஆனால் தினமும் அதே தெரியாத இசை. ஒரு வாரத்தில் அது பழகி, "சரி, இது வந்தால் விளக்கணைக்கிற நேரம்" என்று உடம்பு புரிந்துகொள்ளும்.

நான் செய்தது இது. மொத்தம் 45 நிமிடம், ஒரே கோப்பு. முதல் முப்பது நிமிடம் ஒரே சத்தம், கடைசி பதினைந்து நிமிடம் மெல்ல மெல்லக் குறைந்து ஒன்றுமில்லாமல் போகும். பட்டென்று நின்றால் அந்த மௌனத்திலேயே முழிப்பு வரும், எனக்கு வந்திருக்கிறது. இதைப் போனில் இறக்கி வைத்துவிட்டு போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுவேன். இணையத்தில் நேரடியாக ஓடவிட்டால் ஒரு நாள் நடுராத்திரி ஒன்றே காலுக்கு ஒரு பெயின்ட் விளம்பரம் காதுக்குள் கத்தியது, எழுந்து உட்கார்ந்துவிட்டேன், அன்றைக்கு அவ்வளவுதான். கோப்பு செய்யத் தெரியாவிட்டால் ஸ்லீப் டைமர் போதும், பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது.

இயர்போன் விஷயத்தில் உங்கள் வீட்டம்மா பக்கம்தான் நான். பக்கவாட்டில் படுத்தால் காது வலிக்கும், அழுக்கை உள்ளே தள்ளும், ஒயர் கழுத்தில் சுற்றும். ஒன் ரூம் கிச்சனில் ஸ்பீக்கர் வைத்தால் குழந்தை முழிக்கும் என்கிற கவலை புரிகிறது, அதற்குத் தலையணைக்கு அடியில் வைக்கிற தட்டையான ஸ்பீக்கர் கிடைக்கிறது, பிஸ்கட் அளவுதான் இருக்கும், லேமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடினால் கிடைக்கும். தலை வைத்திருப்பவருக்கு மட்டும் கேட்கும். சத்தம் எவ்வளவு என்றால், ஃபேன் சத்தத்துக்கு மேலே ஒரு நூல். வார்த்தை புரிகிற அளவுக்குக் கேட்டால் அது அதிகம்.

நைட் டூட்டி:

பாட்டு பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள், அண்ணன் எழுதியதில் வேறு ஒன்று எனக்கு உறுத்துகிறது. நான் பரேல் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ், நாகர்கோவில்காரி.

நாலு மணிக்கு முழித்து மறுபடி தூக்கம் வராமல் இருப்பதும், அந்த நேரத்தில் மனசு ரொம்பக் கனமாக இருப்பதும் டிப்ரஷனின் அடையாளங்களில் ஒன்று. படுத்ததும் தூக்கம் வராததற்குப் பாட்டு உதவலாம். நாலு மணி முழிப்புக்கு, நோய் இன்னும் முழுதாக அடங்கவில்லை என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அழுகை குறைந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள், நிறைய ஆண்கள் அப்படித்தான். எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது முழித்தேன் என்று இரண்டு வாரம் காலண்டர் தாளின் பின்னால் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள்? டிப்ரஷன் மாத்திரையில் சிலது தூக்கம் தரும், சிலது தூக்கத்தைக் கெடுக்கும், அதனாலேயே சிலருக்குக் காலையில் கொடுப்பார்கள். நீங்களாக நேரத்தை மாற்ற வேண்டாம், நிறுத்தவே வேண்டாம், கேளுங்கள். கடையில் சொல்லி தூக்க மாத்திரை வாங்குவது, "ஒரு குவார்ட்டர் போட்டால் தூக்கம் வரும்" இரண்டும் வேண்டாம். குடித்தால் முதல் பாதி அடித்துப் போட்ட மாதிரி தூங்குவீர்கள், இரண்டாம் பாதி பிய்ந்துபோகும், நாலு மணி மூன்று மணியாகும்.

இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்துவிடுங்கள். ஒரே அறைதான், எங்கே போவது என்று கேட்பீர்கள், கிச்சன் மேடை ஓரம் ஒரு ஸ்டூல் போதும், மங்கலான விளக்கு, போன் வேண்டாம், தூக்கம் சொக்கும்போது திரும்பி வந்து படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. லோக்கலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்குவதும் கணக்கில் வரும் அண்ணா! தூக்கமின்மைக்கான மனப்பயிற்சி சிகிச்சையில் இதைத்தான் முறையாகச் சொல்லித் தருவார்கள், டாக்டரிடம் அதைப் பற்றியும் கேளுங்கள்.

இன்னொன்று, நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நாலு மணிக்கு விட்டத்தைப் பார்க்கும்போது "இருந்து என்ன ஆகப்போகிறது" என்ற நினைப்பு எப்போதாவது வந்தால், தண்ணீர் வரும்வரை காத்திருக்காமல் அண்ணியை எழுப்புங்கள். 14416க்கும் கூப்பிடலாம், அரசாங்கத்தின் மனநல உதவி எண், பெயர் டெலி மானஸ், 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, 24 மணி நேரமும் இலவசம். இந்தியிலோ மராத்தியிலோ திணற வேண்டாம், தமிழிலேயே பேசலாம்.

மாட்டுங்கா மாமி:

நீலாம்பரி என்று வந்ததால் எழுதுகிறேன். கோயிலில் பள்ளியறை பூஜைக்கு நாகஸ்வரத்தில் வாசிக்கிற ராகம், நம் தாலாட்டுகளும் பல அந்தச் சாயலில்தான் இருக்கும், உங்கள் சித்தி சொன்னதில் தப்பில்லை. ஆனால் அது தூக்க மாத்திரை மாதிரி எல்லோருக்கும் வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன், ஏனென்றால் எனக்குச் செய்யவில்லை.

என் வீட்டுக்காரர் காலமான வருடம் எனக்கும் டாக்டர் இந்த வியாதியைத்தான் சொன்னார். ஷண்முகானந்தா சபா அரங்கத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு, ஒரு கச்சேரிக்குப் போக மனசு வரவில்லை. பெண் வீடியோ கால் செய்து, "அம்மா, நீலாம்பரி போட்டுக்கொண்டு படு" என்றாள். போட்டேன். முப்பது வருஷம் பாட்டு சொல்லிக் கொடுத்தவளுக்கு அது எப்படித் தூக்கம் தரும்? சங்கராபரணத்திலிருந்து பிறந்த ராகம், இதில் கைசிகி நிஷாதம் என்கிற ஸ்வரம் எங்கே வந்து தொட்டுவிட்டுப் போகிறது என்று காது அதன் பின்னாலேயே ஓடுகிறது. பாடுகிறவர் ஒரு இடத்தில் அவசரப்பட்டார், இருட்டில் உட்கார்ந்து "இழுத்துப் பாடேன்" என்று அவருக்குத் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்த சங்கதி தூங்கவிடாது தம்பி. பாட்டு தெரியாதவருக்கு நீலாம்பரி உதவலாம்.

எனக்கு உதவியது வெறும் சுருதிப் பெட்டி. அந்த எலக்ட்ரானிக் தம்புரா இருக்கிறதே, அதைச் சின்னதாக வைத்துவிட்டுப் படுப்பேன். ராகம் இல்லை, தாளம் இல்லை, அடுத்தது என்ன என்பதே இல்லை. இப்போது போனிலேயே தம்புரா செயலிகள் இருக்கின்றன. மாத்திரையும் ஒன்றரை வருஷம் சாப்பிட்டேன், அதைச் சொல்லாமல் தம்புராவுக்கு மட்டும் பெருமை கொடுத்தால் பாவம்.

தூங்காநகரத்தான்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி.

நைட் டூட்டி தங்கச்சி, மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மனசு மாத்திரை என்றால் தூக்கம் வரும் என்று நானாக நினைத்துக்கொண்டது, சீட்டில் காலை என்றுதான் இருந்திருக்கிறது. காலண்டர் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் திட்டினார், அப்புறம் அளவையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறார். நீங்கள் கடைசியில் கேட்டதற்கு, ஆமாம், இரண்டு தடவை வந்திருக்கிறது. அதையும் டாக்டரிடம் சொன்னேன், மனைவியிடமும் சொல்லிவிட்டேன். அவள் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை, மறுநாளிலிருந்து கையை என் மேல் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். ஸ்டூல் யோசனை முதல் நாள் கேலியாக இருந்தது, இப்போது அந்த ஸ்டூலில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே கொட்டாவி வருகிறது.

எண்பதுகளின் பாட்டைக் காலையில் லோக்கலுக்கு மாற்றிவிட்டேன், நின்றுகொண்டே போவதால் தூங்கவும் முடியாது. ராத்திரிக்குத் தம்புராதான், தலையணை ஸ்பீக்கரில், பேஸ் பூஸ்ட் சொன்ன மாதிரி 45 நிமிடம். சரணம் மண்டையில் ஓடுவது நின்றுவிட்டது, அதற்குப் பதில் ஃபேன் ஓடினாலே தம்புரா மாதிரி கேட்கிறது. பதினொன்றுக்குப் படுத்தால் பன்னிரண்டுக்குள் தூங்கிவிடுகிறேன். முழிப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் இந்த வாரம் மூன்று நாள் குழாய் சீறும் சத்தம்தான் எழுப்பியது, முதல் வண்டி போனது தெரியவே இல்லை.

மாமி, ஒரு சந்தேகம். செயலியில் சுருதி எத்தனை கட்டை என்று கேட்கிறது. நீங்கள் எத்தனையில் வைக்கிறீர்கள்?

மாட்டுங்கா மாமி:

பாடும்போது ஐந்து. படுக்கும்போது ஒன்றில் வைத்துவிடுவேன். ஐந்தில் வைத்தால் பாட உட்கார்ந்துவிடுவேன்.